‘எண்டர்ஸ் கேம்’ நாவலும் வாசகர் கருத்துகளும்: பிடித்தது என்று சொன்னால் போதுமா?

“இந்த நாவல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஏனெனில் கதை விறுவிறுப்பாகச் செல்கிறது.” இந்த இரண்டு வாக்கியங்களைப் பயிற்சித் தாளில் படிக்காத இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர் இருக்க முடியாது. மாணவர் பொய் எழுதவில்லை. உண்மையாகவே பிடித்திருக்கலாம். ஆனால் இதே வாக்கியங்களை எந்த நாவலுக்கும் எழுதலாம், தலைப்பை மட்டும் மாற்றினால் போதும். திருத்துகிற நமக்கும் மேற்கொண்டு மார்க்கு போட வழியில்லை.

இன்னொரு வகை விடையும் நமக்குத் தெரியும். வழிகாட்டி நூலில் இருக்கும் ஐந்து படிப்பினைகளை வரிசை மாறாமல் ஒப்புவிப்பது. முதல் வகை விடையில் வாசகர் இருக்கிறார், நூலைக் காணோம். இரண்டாம் வகையில் நூல் இருக்கிறது, வாசகரைக் காணோம். இரண்டும் சேர்ந்திருக்கும் விடைக்குத்தான் திறனாய்வு என்று பெயர்.

இதை மாணவர்களுக்கு விளக்க, பாடநூலுக்கு வெளியே ஒரு நாவலை எடுத்துக்கொள்வது நல்லது. பாடநூல் என்றதுமே ‘என்ன எழுதினால் மார்க்கு கிடைக்கும்’ என்ற கணக்கு வந்துவிடுகிறது. நான் எடுத்துக்கொள்வது ஆர்சன் ஸ்காட் கார்ட் எழுதிய ‘எண்டர்ஸ் கேம்’ என்ற ஆங்கில நாவல். விண்வெளிப் போர்க்கதை. வெளிவந்து 40 ஆண்டுகளாக வாசகர்கள் இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவருக்கு இது தன் வாழ்க்கைக் கதை, இன்னொருவருக்குத் தலைமைத்துவப் பாடம், வேறொருவருக்கு ஆபத்தான நூல். ஒரே நூலுக்கு இத்தனை முகம் எப்படி வந்தது என்று பார்த்தால், கருத்து சொல்வது என்றால் என்ன என்பதும் விளங்கும்.

முடிவைச் சொல்லாமல் இந்த நாவலைப் பேச முடியாது. முதலில் படித்துவிட விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கதை, சுருக்கமாக

இது முதலில் 1977இல் சிறுகதையாக வந்தது. 1985இல் நாவலாக விரிந்தது. அறிவியல் புனைவுக்கான நெபுலா, ஹியூகோ ஆகிய இரு பெரிய விருதுகளையும் பெற்றது. அடுத்த ஆண்டே வெளிவந்த இதன் தொடர்ச்சியான ‘ஸ்பீக்கர் ஃபார் தி டெட்’ நாவலும் அதே இரண்டு விருதுகளையும் வென்றது.

வண்டினம் போன்ற வேற்றுலக உயிர்கள் பூமியை இருமுறை தாக்கியிருக்கின்றன. மூன்றாவது போருக்குப் படைத்தலைவன் வேண்டும். பெரியவர்களால் முடியாது என்று முடிவு செய்து, அதிபுத்திசாலிக் குழந்தைகளைத் தேடிப் பிடித்து விண்வெளியில் இருக்கும் போர்ப்பள்ளியில் சேர்க்கிறார்கள். குடும்பத்துக்கு இரண்டு பிள்ளைதான் என்ற சட்டம் உள்ள காலத்தில், அரசின் சிறப்பு அனுமதியோடு பிறந்த மூன்றாவது பிள்ளை எண்டர். ஆறு வயதில் அவனைக் கொண்டுபோகிறார்கள்.

போர்ப்பள்ளியில் எடையில்லா அறையில் இரு அணிகள் மோதும் விளையாட்டுதான் முக்கியப் பாடம். எண்டர் ஒவ்வொரு முறையும் வெல்கிறான். வெல்ல வெல்ல ஆசிரியர்கள் விதிகளை மாற்றுகிறார்கள். ஓய்வு கொடுப்பதில்லை. நண்பர்களிடமிருந்து பிரிக்கிறார்கள். அவனை வெறுக்கும் மாணவன் ஒருவன் குளியலறையில் தாக்க வரும்போதும் யாரும் தடுக்கவில்லை. தற்காப்புக்காக எண்டர் திருப்பி அடிக்கிறான். அந்த மாணவன் இறந்துவிடுகிறான். எண்டருக்கு அதைச் சொல்லவில்லை. இதற்கு முன்பு பூமியில் அவன் அடித்த பள்ளிப் பையனும் இறந்துபோனான். அதையும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு சிறுகோளில் மேற்பயிற்சி. திரையில் விண்கலங்களை நகர்த்தும் பயிற்சி விளையாட்டு. ஒருநாள் ‘இதுதான் இறுதித் தேர்வு’ என்கிறார்கள். எதிரியின் பலம் பல மடங்கு. இப்படி ஒரு தேர்வா என்று வெறுத்துப்போன எண்டர், விதியை மீறினால் என்னை விலக்கிவிடுவார்கள், அப்பாடா என்று வீட்டுக்குப் போகலாம் என எண்ணி, எதிரியின் கோளையே அழிக்கும் ஆயுதத்தைப் பயன்படுத்துகிறான். சுற்றி நிற்கும் பெரியவர்கள் அழுகிறார்கள், மகிழ்ச்சியில் கூத்தாடுகிறார்கள். அப்போதுதான் தெரிகிறது: அது தேர்வே இல்லை. பல நாளாக அவன் விளையாடியதெல்லாம் உண்மைப் போர். ஓர் இனத்தையே அவன் அழித்துவிட்டான். அப்போது அவனுக்குப் பதினொரு வயது இருக்கும்.

அதோடு கதை முடியவில்லை. எதிரி இனத்தின் ராணிகள், மனிதர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சிந்திக்கும் உயிர்கள் என்பதை முதலில் அறியவில்லை. அறிந்த பின் மீண்டும் தாக்கும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. எஞ்சியிருக்கும் ஒரே ஒரு ராணியின் கூட்டை எண்டர் கண்டுபிடிக்கிறான். எதிரியின் கதையை எதிரியின் பக்கம் நின்று எழுதி வெளியிடுகிறான். அந்தக் கூட்டைச் சுமந்துகொண்டு, அது வாழ ஓர் இடம் தேடி அலைகிறான்.

வாசகர்கள் என்ன சொன்னார்கள்?

முதலில் பிள்ளைகள். பள்ளியில் ஒதுக்கப்பட்ட, கேலிக்கு ஆளான, வயதுக்கு மீறிப் படிக்கும் பிள்ளைகள் பலர் இதைத் தங்கள் கதையாகவே படித்தார்கள். 1991 பதிப்பின் முன்னுரையில் கார்ட் இப்படிப்பட்ட கடிதங்களைப் பற்றிச் சொல்கிறார்.

அதே முன்னுரையில் எதிர்க்குரலையும் அவர் மறைக்கவில்லை. மீத்திறன் மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர் ஒருவர், மகன் சொன்னதற்காக நாவலைப் படித்துவிட்டு வெறுத்துப்போனாராம். அந்தப் பிள்ளைகள் இப்படியா பேசுவார்கள், நம்பும்படியாக இல்லையே என்பது அவர் புகார். கார்டின் பதில் இது: பெரியவர்கள் முன்னால் பிள்ளைகள் பேசும் பேச்சு வேறு, அவர்கள் தமக்குள் உணர்வது வேறு.

அடுத்து இராணுவம். அமெரிக்க மரீன் படை தன் வீரர்களுக்குப் பரிந்துரைக்கும் நூல் பட்டியலில் இந்த நாவலைச் சேர்த்தது. காரணம் புரிகிறது. பழைய போர்முறையைக் கைவிட்டுப் புதிதாக யோசிப்பது, சிறு குழுத் தலைவர்களைத் தாமே முடிவெடுக்க விடுவது, கீழே உள்ளவர்களைப் பழக்குவது என்று தலைமைத்துவத்துக்குத் தேவையான செய்தி இதில் நிறைய உண்டு.

பிறகு கடுமையான விமர்சகர்கள். 1987இல் எலைன் ராட்ஃபோர்ட் எழுதிய கட்டுரை, எண்டரையும் ஹிட்லரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது. இன அழிப்பு செய்தவன் மேல் நமக்குப் பரிதாபம் வரவழைக்கிறார்களே என்பது அதன் சாரம். கார்ட் அதற்கு மறுப்பு எழுதினார். 2004இல் எழுத்தாளர் ஜான் கெஸல் இன்னும் நுணுக்கமாக ஒரு கேள்வி எழுப்பினார். எண்டர் கொல்கிறான், ஆனால் ஒவ்வொரு முறையும் அவன் எண்ணம் தூய்மையாகவே இருக்கும்படி கதை அமைக்கப்பட்டிருக்கிறது. எண்ணம் நல்லது என்றால் செயலும் நல்லதாகிவிடுமா? இப்படிக் குற்றமற்ற கொலைகாரன் ஒருவனை உருவாக்குவதுதான் நாவலின் வேலையா? இது கெஸலின் வாதம்.

2013இல் திரைப்படம் வந்தபோது மற்றொரு சர்ச்சை. ஓரினத் திருமணத்தை எதிர்த்துக் கார்ட் வெளியிட்ட கருத்துகளால் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னார்கள் சிலர். எழுதியவரின் சொந்தக் கருத்துக்காக நூலை ஒதுக்கலாமா என்று பதிலுக்குக் கேட்டார்கள் வேறு சிலர்.

யார் எந்தப் பக்கத்தில் நின்று படித்தார்கள்?

இந்தக் கருத்துகளில் யார் சரி, யார் தப்பு என்று உடனே தீர்ப்புச் சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுத்து வேறு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். ஒவ்வொருவரும் நாவலின் எந்த இடத்தில் நிற்கிறார்கள்?

‘இது என் கதை’ என்கிற பிள்ளை, எண்டர் தனிமையில் அழும் இடத்தில் நிற்கிறது. மரீன் அதிகாரி, எண்டர் தன் அணியைப் பழக்கும் இடத்தில் நிற்கிறார். கெஸல், இறந்த இரு பையன்களின் பக்கத்தில் நிற்கிறார். ஆலோசகர் உரையாடல்களில் நிற்கிறார். படத்தைப் புறக்கணித்தவர்கள் நாவலுக்கு வெளியே, எழுத்தாளரின் வாசலில் நிற்கிறார்கள்.

எல்லாம் கருத்துதான். ஆனால் எல்லாம் ஒரே எடை இல்லை. எடை போட எனக்குத் தெரிந்த அளவுகோல் இரண்டு. ஒன்று, கருத்து சொல்பவர் நூலில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறாரா? இரண்டு, தன் கருத்துக்கு ஒத்துவராத இடத்தையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்கிறாரா?

தலைமைத்துவ வாசிப்பை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். முதல் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது, அணியைப் பழக்கும் பகுதிகள் உண்மையிலேயே அருமை. இரண்டாவது கேள்வியில் தடுமாறுகிறது. அந்தத் தலைவனுக்கு வெற்றி கிடைத்ததே அவனிடம் உண்மையை மறைத்ததால்தான். அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டு ‘எண்டர் சிறந்த தலைவன்’ என்றால், பாதி நாவலை மட்டும் படித்த மாதிரிதான்.

கெஸலின் வாதத்துக்கு எடை அதிகம். எண்டர் கொன்றது அவனுக்குத் தெரியாமலிருப்பதும், வாசகருக்கே அது பிற்பாடு பெரியவர்களின் பேச்சு வழியாகத் தெரியவருவதும் தற்செயல் இல்லை. ஆசிரியர் திட்டமிட்ட உத்தி. தாக்க வரும் பையன்கள் மிகக் கொடியவர்களாகவே காட்டப்படுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் கெஸலிடமும் இரண்டாவது கேள்வியைக் கேட்கலாம். கடைசி அத்தியாயத்தை என்ன செய்வது? எண்ணம் தூய்மை என்று எண்டர் நிம்மதியாக இருந்துவிடவில்லையே! எதிரியின் கதையை எழுதுகிறான், கூட்டைச் சுமக்கிறான். நாவல் அவனை விடுவிக்கலாம், அவன் தன்னை விடுவித்துக்கொள்ளவில்லை.

ஆசிரியராக இருந்து படித்தால்

நானும் ஓர் இடத்தில் நின்றுதான் படிக்கிறேன், ஆசிரியர் மேசைக்குப் பின்னால். அங்கிருந்து பார்த்தால் இந்த நாவலில் மிக முக்கியமான பாத்திரம் எண்டர் இல்லை, கர்னல் கிராஃப். போர்ப்பள்ளியின் தலைமை அவர்.

கிராஃப் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். எண்டர்மேல் அவருக்கு உண்மையான பாசம் இருக்கிறது. அத்தியாயங்களின் தொடக்கத்தில் வரும் அதிகாரிகளின் உரையாடலில் அது வெளிப்படுகிறது. ஆனாலும் அந்தப் பிள்ளையைத் தனிமைப்படுத்துகிறார், களைப்படைய வைக்கிறார். பகடிவதை நடக்கப் போகிறது என்று தெரிந்தும் தடுக்க மறுக்கிறார். எந்தப் பெரியவரும் உதவிக்கு வரமாட்டார் என்று எண்டர் நம்ப வேண்டும், அப்போதுதான் அவன் முழுத் திறமையும் வெளிவரும் என்பது அவர் கணக்கு. நல்ல ரிசல்ட் வந்துவிட்டால் எப்படி வந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

நடந்ததும் அதுதான். போருக்குப் பின் கிராஃப் மேல் வழக்கு நடக்கிறது. இறந்த பையன்களைப் பற்றி அங்கே பேசப்படுகிறது. அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வருகிறது. பிறகு பெரிய பதவியும் கிடைக்கிறது. என் பார்வையில் நாவலின் பெரிய குறை இந்த இடத்தில்தான் இருக்கிறது. எண்டரின் மனச்சாட்சிக்கு இத்தனை பக்கம் ஒதுக்கிய ஆசிரியர், கிராஃபின் மனச்சாட்சியைச் சில வரிகளில் கடந்துபோய்விடுகிறார். தேர்வு என்று சொல்லி ஒரு பிள்ளையைக் கொலை செய்ய வைத்தவர்கள் பெரியவர்கள். பாரம் சுமக்கிறவன் பிள்ளை. கதை இதைக் காட்டுகிறது, ஆனால் இது அநியாயம் என்று உரக்கச் சொல்லத் தயங்குகிறது.

நமக்கு இது வெறும் விண்வெளிக் கதை இல்லை. பிள்ளைகளிடம் ‘இது சும்மா பயிற்சிதான்’ என்று சொல்லிவிட்டு அதை அறிக்கையில் சேர்ப்பது, ஒருவனைத் தூண்ட மற்றவனோடு ஒப்பிடுவது, கெட்டிக்காரப் பிள்ளைதானே, தாங்கிக்கொள்வான் என்று அவன் அழுகையைக் கவனிக்காமல் விடுவது எல்லாம் சின்னச் சின்ன கிராஃப் வேலைகள். நாவல் நம் முன் கண்ணாடி பிடிக்கிறது. இந்தக் காரணத்துக்காகவே ஆசிரியர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பேன்.

புறநானூற்றில் இரண்டு பிள்ளைகள்

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நமக்கு என்ன?’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தமிழில் விண்வெளிப் போரைப் பற்றிய நாவல்கள் குறைவுதான். அறிவியல் நாவல் என்றால் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வும் ‘மீண்டும் ஜீனோ’வும்தான் உடனே நினைவுக்கு வரும். அவை அரசியல் அதிகாரத்தையும் இயந்திர நாயையும் பற்றியவை, போர்க்கதைகள் இல்லை. ஆனால் பிள்ளையும் போரும் என்ற விஷயத்தைத் தமிழ் எப்போதோ பேசிவிட்டது. அதுவும் ஒரே தொகைநூலில், இரண்டு பக்கமும்.

புறநானூறு 279ஆம் பாடல், ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. குடும்பத்து ஆண்கள் முந்தைய போர்களில் மாண்டுவிட்டார்கள். இன்று மீண்டும் போர்ப்பறை கேட்கிறது. இருப்பது ஒரே மகன். தாய் அவன் தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். நாம் இதற்கு ‘வீரத்தாய்’ என்று பெயர் வைத்துவிட்டோம். ஆனால் பாடல் தொடங்கும் குரலைக் கவனியுங்கள். அவள் துணிவைக் கண்டு வியக்கிறதா, பதறுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல் அது. ‘வீரம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் அந்தப் பதற்றம் நம் கையிலிருந்து நழுவிவிடும்.

46ஆம் பாடல், கோவூர் கிழார் பாடியது. சோழன் கிள்ளிவளவன் பகைவனான மலையமானின் சிறு பிள்ளைகளை யானைக் காலில் இட்டுக் கொல்லப் போகிறான். புலவர் குறுக்கே வந்து பேசுகிறார். புறாவுக்காகத் தன்னைத் தந்த மரபில் வந்தவன் நீ என்று அரசனுக்கு நினைவூட்டுகிறார். பிறகு அந்தப் பிள்ளைகளைக் காட்டுகிறார். அழுதுகொண்டிருந்தவர்கள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டார்கள். அந்த யானை எதற்கு வந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கூடியிருக்கும் புது மனிதர்களைப் பார்த்து மருண்டு நிற்கிறார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி உன் விருப்பம் என்று முடிக்கிறார் புலவர். பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று பாடலின் குறிப்பு சொல்கிறது.

யானையை வேடிக்கை பார்க்கும் அந்தப் பிள்ளைகளும், போரை விளையாட்டு என்று நினைக்கும் எண்டரும் ஒரே நிலையில் இருப்பவர்கள். தம்மைச் சுற்றிப் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. வித்தியாசம் ஒன்றுதான். மலையமான் பிள்ளைகளுக்கு ஒரு கோவூர் கிழார் இருந்தார். போர்ப்பள்ளியில் அப்படி ஒருவரும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இளம் வயதில் போருக்குப் போனவர்கள் எல்லாரும் ஏமாந்து போனவர்கள் என்று சொல்லிவிடக்கூடாது. 1943இல் நேதாஜி மலாயாவுக்கு வந்தபின் அமைந்த ஜான்சி ராணிப் படையில், நம் தோட்டப்புறங்களிலிருந்து பதின்ம வயதுப் பெண்களும் சேர்ந்தார்கள். எதற்காகப் போகிறோம் என்று தெரிந்தே போனார்கள். எண்டரிடமிருந்து பறிக்கப்பட்டது இந்த அறிவுதான். ஆகவே நாவலின் கேள்வி, சிறுவர்கள் போரிடலாமா என்பதோடு நிற்கவில்லை. ஒருவருக்குத் தெரியாமல் அவரைக் கருவியாக்கலாமா என்று கேட்கிறது.

எதிரியின் கதையை யார் சொல்வது?

எண்டர் கடைசியில் எதிரியின் பக்கத்துக் கதையை எழுதுகிறான் என்று பார்த்தோம். மாணவர்களுக்கு இது புரியாத விஷயமாகத் தோன்றலாம். அலோர் காஜா மாணவர்களுக்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது.

வரலாற்றுப் பாடத்தில் டோல் சைட் பெயரைப் படித்திருப்பார்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி கேட்ட கிழக்கிந்தியக் கம்பெனியை நானிங் தலைவர் அவர் எதிர்த்தார். 1831இல் வந்த கம்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. 1832இல் பெரிய படையோடு வந்து தாபோவைப் பிடித்தார்கள். கம்பெனிக்கு அவர் அடங்காத கலகக்காரர், நமக்கு விடுதலை வீரர். அந்தப் படையில் வந்தவர்களில் சென்னை மாகாணச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பது நாம் அதிகம் பேசாத செய்தி. டோல் சைட்டின் கல்லறை தாபோ நானிங்கில் இருக்கிறது. அந்தப் போரில் மாண்ட ஆங்கிலேயர்களின் கல்லறைகளும் இதே மாவட்டத்தில், அலோர் காஜாவில் இருக்கின்றன.

ஒரே போர். டோல் சைட் எப்படிச் சொல்வார்? கம்பெனி கேப்டன் எப்படிச் சொல்வார்? ஊர் பேர் தெரியாத இடத்துக்குச் சம்பளத்துக்காக வந்த சிப்பாய் எப்படிச் சொல்வார்? இந்த மூன்று பத்திகளை எழுதச் சொன்னால், நோக்குநிலை என்ற இலக்கியக் கலைச்சொல்லுக்கு நாம் தனியாக விளக்கம் தர வேண்டியதில்லை.

தேர்வு எழுதுபவர்களுக்கு

மாணவர்களே, கருத்து கேட்கும் வினாவுக்கு இந்த நான்கு படிகளைப் பயன்படுத்திப் பாருங்கள்.

1. கருத்து: உங்கள் நிலைப்பாட்டை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்.
2. சான்று: நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பாகக் காட்டுங்கள். ‘பல இடங்களில்’ என்று எழுதினால் சான்று ஆகாது.
3. மறுபக்கம்: உங்கள் கருத்துக்கு ஒத்துவராத நிகழ்ச்சி ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.
4. முடிவு: இரண்டையும் சேர்த்துப் பார்த்தபின் உங்கள் மதிப்பீடு என்ன என்று சொல்லுங்கள்.

‘எண்டர் குற்றமற்றவன். இக்கூற்றை மதிப்பிடுக’ என்று ஒரு வினா இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

வலுவற்ற விடை: “எண்டர் குற்றமற்றவன். ஏனெனில் அவன் மிகவும் நல்லவன், புத்திசாலி. நாமும் அவனைப் போல் விடாமுயற்சியுடன் இருக்க வேண்டும்.”

வலுவான விடை: “எண்டர் முழுக் குற்றவாளி அல்லன் என்பது என் கருத்து. இறுதிப் போரை அவன் தேர்வு என்றே நம்பினான். உண்மையை அறிந்த அதிகாரிகள் அதை மறைத்தனர். ஆயினும் குளியலறைச் சண்டையில், எதிரி நிலைகுலைந்த பின்னும் இனித் தாக்க வரவே கூடாது என்ற எண்ணத்துடன் அவன் தாக்குகிறான். அந்த முடிவு அவனுடையதே. எனவே இன அழிப்பின் பழி பெரியவர்களைச் சேர்ந்தாலும், வென்றால் முழுமையாக வெல்ல வேண்டும் என்ற அவனது போக்கே அவர்களுக்குப் பயன்பட்டது எனலாம்.”

இரண்டாவது விடையோடு நீங்கள் உடன்பட வேண்டியதில்லை. மறுத்து எழுதினாலும் இதே படிகளில் எழுதலாம், அதற்கும் நல்ல மார்க்கு கிடைக்க வேண்டும். கவனியுங்கள், ‘படிப்பினை’ என்ற சொல் அதில் வரவே இல்லை. படித்த பிறகு யோசிக்க ஏதோ ஒன்று மட்டும் மிஞ்சுகிறது.

ஆசிரியர்களுக்கு, வகுப்பில் செய்ய

முழு நாவலையும் வகுப்பில் படிக்க நேரமில்லை. தேவையும் இல்லை. கதைச் சுருக்கத்தைச் சொல்லி, இரண்டு பாட வேளைகளில் இவற்றைச் செய்யலாம்.

முதல் நடவடிக்கை: மாணவர்களை நான்கு குழுவாகப் பிரியுங்கள். போர்ப்பள்ளி மாணவன், இறந்த பையனின் தாய், படை அதிகாரி, பள்ளி ஆசிரியர் என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிலை. அந்த நிலையிலிருந்து நாவலைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதட்டும். பிறகு குழுக்கள் இடம் மாறி, மற்றவர் கருத்துக்கு நூலிலிருந்து சான்று கேட்கட்டும்.

இரண்டாவது நடவடிக்கை: புறநானூறு 46, 279 இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, பிள்ளையைப் பற்றி எந்தப் புலவர் என்ன உணர்கிறார் என்று ஒப்பிடட்டும். ‘வீரம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் 279க்கு விளக்கம் எழுத வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். கொஞ்சம் திணறுவார்கள். திணறட்டும்.

மூன்றாவது நடவடிக்கை: கைப்பேசியில் போர் விளையாட்டு ஆடும் மாணவர்கள் நம் வகுப்பில் நிறையப் பேர். ‘நீங்கள் ஆடுவது உண்மை என்று ஆட்டம் முடிந்ததும் சொன்னால், முதலில் யாரிடம் என்ன கேட்பீர்கள்?’ இதற்கு அரைப் பக்கம் எழுதட்டும். பேச்சுமொழி கலந்தாலும் பரவாயில்லை, முதல் வரைவுதானே.

திருத்தும்போது நாமும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நம் விடைப்பட்டியலில் இல்லாத கருத்தை மாணவர் சான்றோடு எழுதியிருந்தால் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். எதிர்பார்த்த விடைக்கு மட்டும் மார்க்கு என்றால், நாம் கற்பிப்பது இலக்கியம் ஆகாது, தேர்வில் ஜெயிக்கும் தந்திரம் ஆகும். அந்தத் தந்திரத்தைக் கரைத்துக் குடித்த ஒரு பிள்ளைக்குக் கடைசியில் என்ன நேர்ந்தது என்பதைத்தான் இந்த நாவல் சொல்கிறது.